தும்மலும் இன்புளுவென்சா ஜுரமும்

திருக்கோகர்ணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஐப்பசி மழை தொடங்கியது முதல் மாசி மாதத்தில் களத்து வேலை ஓயும் வரையில் தும்மலும் இருமலும் கேளாத வீடு அரிது. ஜனங்கள் இவை அனைத்தையும் ‘சளி பிடித்திருக்கிறது’ என்னும் ஒரே வார்த்தையால் குறித்து விடுகின்றனர். நெல் தூற்றியவருக்கு மூக்கில் நீர் ஒழுகினாலும் சளி. பள்ளிக்கூடம் சென்று வந்த பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தாலும் சளி. நனைந்த வைக்கோற்போரைப் பிரித்தவருக்கு அன்று மாலையே குளிரும் நடுக்கமும் கண்டாலும் அதுவும் சளியே. பெயர் ஒன்றாயிருப்பதனால் மருந்தும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எண்ணி, கடையில் கிடைக்கும் நான்கு நிற மாத்திரைகளை ஒரு பொட்டலமாக வாங்கி விழுங்குவது வழக்கமாகி விட்டது.

உண்மையில் இவை வெவ்வேறு வியாதிகள். தூசியாலும் பூந்தாதுவாலும் வரும் தும்மல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. அதற்கு நோயாளியிடமிருந்து தூசியை விலக்க வேண்டும். இன்புளுவென்சா ஜுரமோ மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. அதற்குப் பிறரிடமிருந்து நோயாளியை விலக்க வேண்டும். இவ்விரு காரியங்களையும் மாற்றிச் செய்கிறவர்கள் பலர். தூசியினால் தும்முகிற மருமகளைத் தனியே ஒதுக்கி வைத்து அவளையே தவிட்டுக் கூடையைப் புடைக்கச் சொல்வதும், ஜுரத்துடன் இருமுகிற மனிதரை ‘வெறும் சளிதானே’ என்று சங்கக் கூட்டத்தின் நடுவே உட்கார வைப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்களாம்.

பழைய அநுபவம்

இன்புளுவென்சாவை அற்பமாக நினைப்பவர்கள் 1918-ஆம் ஆண்டின் சரித்திரத்தை அறிந்துகொள்ள வேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த போலீஸ் சிப்பாய்கள் சிலர் ஜுரமாய்ப் படுத்தனர். முதல் அலை அவ்வளவு கொடியதாக இல்லை. செப்டம்பரில் எழுந்த இரண்டாவது அலையோ ரயில் பாதை சென்ற இடமெல்லாம் சென்றது. முதியோரையும் குழந்தைகளையும் மாத்திரம் அன்றி, 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமான ஆண் பெண்களையே அது மிகுதியாகக் கொண்டு போயிற்று. மழை பொய்த்துத் தானியம் அருகிய வருஷமாகவும் அது அமைந்தது. உழுபவரும் அறுப்பவரும் ஒரே சமயத்தில் படுக்கையில் கிடந்தால் ஒரு நாட்டின் கதி என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. இந்தியாவில் மாண்டவர் தொகையைச் சர்க்கார் சுகாதார அதிகாரிகள் முதலில் சுமார் 60 லட்சம் என்று மதித்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் அது ஒரு கோடியே இருபது லட்சத்துக்குக் குறையாது என்கின்றனர். பம்பாய், மத்திய மாகாணங்களை நோக்கச் சென்னை மாகாணம் சற்றுத் தப்பியது என்று சொல்லலாமேயன்றி, தப்பியே விட்டது என்று சொல்ல இயலாது.

அக்காலத்தில் இந்நோயின் வித்து யாது என்பது எவருக்கும் தெரியாது. ஒருவகைப் பாக்டீரியாக் கிருமியே காரணம் என்று பலர் நம்பினர். 1933-ஆம் ஆண்டிலேதான் லண்டனில் வில்ஸன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர், நோயாளியின் தொண்டை கழுவிய நீரை வடிகட்டிக் கீரி போன்ற பெர்ரட் என்னும் பிராணிக்குச் செலுத்தி, பாக்டீரியாவினும் மிகச் சிறிய வைரஸ் ஒன்றே காரணம் என்று நிரூபித்தனர்.

இரண்டாவது பெரும் அலை நம் வாசல் வழியாகவே இந்தியாவுக்குள் நுழைந்தது. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த கப்பலில் பலர் இன்புளுவென்சாவினால் பீடிக்கப்பட்டிருந்தனர். அங்கிருந்து நோய் நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு மே மாதம் தொடங்கி 1958 பிப்ரவரி வரையில் 44,51,785 பேருக்கு நோய் கண்டதாகவும், 1,098 பேர் இறந்ததாகவும் இந்தியாவில் பதிவாயிற்று. பதியாமற் போனவை இன்னும் பல மடங்கு இருக்கும். குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தார் அந்த வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். மலாய் நாட்டிலும் சிங்கப்பூரிலும் உறவினர் இல்லாத வீடு புதுக்கோட்டைச் சீமையில் குறைவு. கடல் கடந்த ஊரில் தோன்றும் ஜுரம் நமக்கென்ன என்று இச்சீமையார் இருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கப்பல் ஒரு வாரத்தில் கொண்டுவந்ததை இப்பொழுது ஆகாய விமானம் நான்கு மணி நேரத்தில் கொண்டுவருகிறது. 2009-ஆம் ஆண்டில் பன்றிக் காய்ச்சல் என்ற பெயருடன் வந்ததும் இவ்வினத்து வைரஸே; அப்போது கர்ப்பவதிகள் அதிகமாகத் துன்புற்றனர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எச்3என்2 என்னும் வகை பரவியபோது, தமிழ்நாட்டுச் சர்க்கார் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்த நேர்ந்தது.

தும்மலின் காரணம்

இனி, ஜுரமில்லாத தும்மலைக் கவனிப்போம். இதற்கு ஒவ்வாமை என்று பெயர். சித்த வைத்தியர்கள் பீனிசம் என்று கூறும் மூக்கு நோய்களுள் சில இதனைச் சேர்ந்தவை. உடலின் காவற்படை திருடனை விட்டுவிட்டு வழிப்போக்கனைப் பிடித்து அடிப்பதற்கு இதை ஒப்பிடலாம். பூந்தாது தானாக ஒரு தீங்கும் செய்வதன்று. ஆயினும் சிலருடைய உடல் அதனைப் பகையென்று ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டு, மறுமுறை அது மூக்கினுள் நுழைந்தவுடன் ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டுகிறது. மூக்கில் நீர் பெருகுவதும், கண் அரிப்பதும், பத்து இருபது தும்மல்கள் அடுக்காக வருவதும் அந்த ஹிஸ்டமினின் வேலை. பெற்றோருக்கு இத்தன்மை இருப்பின் பிள்ளைகளுக்கும் வரக்கூடும்.

வண்ணமும் வாசனையும் உள்ள மலர்களையே மக்கள் சந்தேகிக்கின்றனர். செவ்வந்தியும் மல்லிகையும் பெரும்பாலும் நிரபராதிகள். அவற்றின் தாது கனமானது; வண்டும் தேனீயும் சுமந்தால் அன்றிப் போகாது. கண்ணுக்குப் புலப்படாத பூவையுடைய செடிகளே காற்றில் தாதுவை இறைப்பவை. அறுகு முதலிய புல் வகைகள், முள்ளுக்கீரை, சவுக்கு, சீமைக்கருவேல் ஆகியவற்றின் தாது ஒவ்வாமையை விளைவிக்கும் என்பது இந்திய மருத்துவர்களின் சோதனைகளில் தெளிவாயிருக்கிறது. இவற்றுள் சீமைக்கருவேல் புதுக்கோட்டைக் கண்மாய்களின் உள்வாயை எவ்வளவு அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒவ்வோர் ஆயக்கட்டுக்காரரும் அறிவர். நீருக்குப் பகையான மரம் மூச்சுக்கும் பகையாக இருக்கிறது.

பார்த்தீனியம் என்னும் களை இவற்றினும் கெட்டது. வெளிநாட்டுக் கோதுமையோடு கலந்து வந்ததாகக் கருதப்படும் இச்செடி 1950-களின் நடுவில் பூனாவில் கண்டறியப்பட்டது. அதன்பின் இந்தியா முழுவதும் பரவிற்று. இதன் தாது தும்மலையும் இரைப்பையும் உண்டாக்கும். செடி மேலே பட்டால் தோல் தடித்து வெடித்து நீர் வடியும். ஆகவே இதனை வெறுங்கையால் பிடுங்கலாகாது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூப்பதற்கு முன்னரே, கையுறையோ தடித்த சாக்கோ கையில் சுற்றிக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்த பின்னர்ப் பிடுங்குவது தாதுவைத் தானே முகத்தில் தட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும். ஒரு வயலில் மாத்திரம் பிடுங்கிப் பயனில்லை. வரப்புக்கு அப்பாலிருந்து விதை மறுபடியும் வந்துவிடும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியங்களுள் இஃது ஒன்று.

பூந்தாதுவைக் காட்டிலும் வீட்டினுள் இருக்கும் ஒரு ஜந்து அதிகக் குற்றவாளி. தூசிச் சிற்றுண்ணி என்னும் அது கண்ணுக்குத் தெரியாது. தலையணையிலும் பழைய பஞ்சு மெத்தையிலும் குடியிருந்து, மனிதர் தோலிலிருந்து உதிரும் பொடியைத் தின்று வாழும். அதன் கழிவே மூக்கை உறுத்துவது. ஈரக் காற்று அதற்கு உகந்தது. ஆதலின் அடைமழைக் காலத்தில் அது பெருகுகிறது. விடியற்காலையில் எழுந்தவுடன் தும்மத் தொடங்கி, வெயிலேறியபின் நிற்கும் தும்மலுக்கு இதுவே காரணமாயிருத்தல் கூடும். மழை விட்ட நாட்களில் படுக்கையை நல்ல வெயிலில் உலர்த்தித் தட்டுவதும், தலையணை உறைகளை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுவதும், பழந்துணி மூட்டைகளைப் படுக்கும் அறையிலிருந்து அகற்றுவதும் மாத்திரையைவிட மலிவான சிகிச்சை. கொசுவை ஓட்டுவதற்காகவும் திருஷ்டிக்காகவும் அறையினுள் புகை போடும் வழக்கம் இரைப்பு நோய் உள்ள வீட்டில் நிறுத்தப்பட வேண்டும். வேப்பிலைப் புகையாயினும் சாம்பிராணிப் புகையாயினும் மூச்சுக் குழாய்க்குப் புகை புகையே.

களத்துத் தூசி

தானியத் தூசியால் வரும் நோய் புதியதன்று. இத்தாலி தேசத்து வைத்தியர் ராமஸ்ஸினி என்பார் 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலிலேயே தானியம் சலிப்போரும் அளப்போரும் இருமலாலும் கண்ணெரிச்சலாலும் வருந்துவதைக் குறித்திருக்கிறார். சம்பா அறுவடை நடக்கும் தை மாசி மாதங்களில் புதுக்கோட்டைப் பக்கத்துக் களங்களில் காண்பதும் இதுவே. அறுவடை இயந்திரம் வந்தபின் தூற்றும் வேலை குறைந்தது. ஆனால் இயந்திரத்தின் பின்னே எழும் புழுதி முன்னிலும் அடர்த்தியாயிருக்கிறது. கடலை ஆயும்போதும், கொள்முதல் நிலையத்தில் சாக்கை உதறும்போதும், கிட்டங்கியைப் பெருக்கும்போதும் இவ்வாறே.

காற்று வரும் பக்கத்தில் நின்று வேலை செய்வது முதல் காப்பு. தோள் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பருத்த உமியைத் தடுக்குமே ஒழிய நுண்ணிய தூசியைத் தடுக்காது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் என்95 என்னும் முகக்கவசம் மூக்கின் மேல் இடைவெளியின்றிப் பொருந்தினால் அதைத் தடுக்கும். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றியபின் குழந்தையைத் தூக்குதல் நலம். கிட்டங்கியின் தரையில் நீர் தெளித்துவிட்டுப் பெருக்குவது நம் பாட்டிமார் வாசலில் செய்த வழக்கமே.

பூஞ்சை பிடித்த வைக்கோலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மழையில் நனைந்து காயாமல் போர் போட்ட வைக்கோலைப் பிரிக்கும்போது சாம்பல் போன்ற பொடி பறப்பதைக் காணலாம். அதனைச் சுவாசித்த சிலருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிர் ஜுரமும், உடல் வலியும், வறட்டு இருமலும், நெஞ்சு இறுக்கமும் காணும். ஓரிரு நாளில் தானே தணியும். மறுபடியும் வைக்கோலில் கை வைத்தால் மறுபடியும் வரும். இதனை இன்புளுவென்சா என்று எண்ணி ஏமாறாத வைத்தியர் சிலரே; ஏனெனில் நோயாளி வைக்கோலைப் பற்றிச் சொல்வதில்லை, வைத்தியரும் கேட்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கி, மாடியேறவும் மூச்சு வாங்கும் நிலை உண்டாகும். ஆகவே ஜுரம் கண்ட அன்று காலையில் என்ன வேலை செய்யப்பட்டது என்பதை மருத்துவரிடம் அவசியம் கூற வேண்டும்.

வேறுபாடு அறிதல்

ஒவ்வாமையில் ஜுரம் இராது. மூக்கு நீர் தெளிவாயிருக்கும், கண்ணும் மூக்கும் அண்ணமும் அரிக்கும், வாரக்கணக்கில் நீடிக்கும், ஆண்டுதோறும் அதே பருவத்தில், அல்லது அதே இடத்திற்குச் சென்றால் வரும். சாதாரண ஜலதோஷம் மெல்லத் தொடங்கி ஒரு வாரத்தில் மறையும். இன்புளுவென்சா அப்படியன்று. காலையில் ஏர் பூட்டியவர் மாலையில் எழுந்திருக்க மாட்டாமற் போவார். திடீரென்று உயர்ந்த ஜுரம், தலைவலி, கைகால் முறித்துப் போட்டது போன்ற வலி, வறட்டு இருமல், மிகுந்த அயர்ச்சி ஆகியன அதன் குறிகள். ஜுரம் மூன்று நான்கு நாளில் இறங்கினாலும் இருமலும் தளர்ச்சியும் இரண்டு வாரம் நிற்கலாம்.

மழைக்காலத்து ஜுரம் எல்லாம் இன்புளுவென்சாவும் அன்று. சளியும் இருமலும் இல்லாமல் ஜுரம் அடித்து, கண்ணுக்குப் பின்புறம் வலித்தால் டெங்கு இருக்கலாம்; வயல் நீரில் நின்றவருக்கு எலிக்காய்ச்சலும், புதரில் வேலை செய்தவருக்கு உண்ணிக் காய்ச்சலும் வரக்கூடும். இவை ஒவ்வொன்றிற்கும் இரத்தப் பரிசோதனையும் தனிச் சிகிச்சையும் உண்டு. டெங்கு இல்லையென்று தெரியும் வரையில் அஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை உண்ணலாகாது. இரத்தக் கசிவை அவை மிகுவிக்கும். பாரசிட்டமால் போதுமானது. குழந்தைகளுக்கு எடைக்குத் தக்க அளவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டே கொடுக்க வேண்டும்.

சிகிச்சை

ஒவ்வாமைத் தும்மலுக்குக் காரணத்தை விலக்குவதோடு, ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகளும், மூக்கில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரே மருந்தும் உள்ளன. ஸ்பிரேயின் பலன் தெரியச் சில நாட்களாகும். இரண்டாம் நாளே பயனில்லை என்று எறிந்துவிடுவது பிழை. குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கத்தை உண்டாக்கும். அதனை உண்டபின் மோட்டார் சைக்கிள், டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம் எதிலும் கை வைக்கலாகாது. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஆனால் கொதிக்க வைத்து ஆறிய நீரையே உபயோகிக்க வேண்டும், குளத்து நீரும் குழாய் நீரும் கூடா.

தும்மலுடன் இரைப்பும் சேர்ந்தால் அஃது ஆஸ்துமா. அதற்கு இன்ஹேலர் மருந்தே சிறந்தது. ‘ஒருமுறை தொட்டால் ஆயுள் முழுவதும் விடாது’ என்ற பேச்சினால் பலர், முக்கியமாகக் கல்யாணமாகாத பெண்களின் பெற்றோர், அதனை மறைக்கவும் மறுக்கவும் செய்கின்றனர். இன்ஹேலர் போதைப் பொருள் அன்று. நோய் நீடிப்பதனால் மருந்து நீடிக்கிறதேயன்றி, மருந்தினால் நோய் நீடிப்பதில்லை. அதைவிடப் பன்மடங்கு ஸ்டீராய்டை ஊசியாகவும் பொட்டலமாகவும் கொடுத்து உடனே குணம் காட்டும் போலி வைத்தியரை நம்புவதில்தான் அபாயம் உள்ளது.

இன்புளுவென்சா கண்டவருக்கு ஓய்வும், கஞ்சி, ரசம், இளநீர் முதலிய நீராகாரமும் பிரதானம். தூதுவளை ரசமும் சுக்கு நீரும் தொண்டைக்கு இதமளிப்பவை. அவற்றை வேண்டாம் என்பதற்கு நியாயமில்லை. ஆயினும் அவை வைரஸைக் கொல்வதில்லை. அவற்றை நம்பி ஆஸ்பத்திரிக்குச் செல்லத் தாமதிப்பதுதான் தவறு. ஆவி பிடிக்கும் கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தைகளின் அருகே வைத்து வெந்து போன விபத்துக்கள் உண்டு. சிறுவருக்கு அது வேண்டாம். ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவுக்கு உரியவை. வைரஸுக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. சென்ற வருஷம் மீந்த மாத்திரையை இவ்வருஷம் உண்பது பணத்தையும் மருந்தின் சக்தியையும் ஒருங்கே கெடுப்பதாகும். ஒசெல்டாமிவிர் என்னும் மருந்தே இந்த வைரஸுக்கு எதிரானது. நோய் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். மருத்துவர் எழுதிக் கொடுத்தே வாங்க வேண்டும். இக்காரணத்தால் கர்ப்பவதிகளும், 65 வயது கடந்தோரும், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளும், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் ஜுரம் கண்ட முதல் நாளே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருக்கலாகாது.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலித்தல், பிதற்றல், குழந்தை பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் இறங்காமை ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். ஜுரம் விட்டு எழுந்து நடமாடியவருக்கு இரண்டொரு நாளில் மறுபடியும் ஜுரம் மூண்டு இருமல் பெருகுமானால் அது நிமோனியாவாக இருக்கலாம். 1918-இல் இறந்தோரில் மிகப் பலர் இவ்வாறு பின்தொடர்ந்த பாக்டீரியா நிமோனியாவினாலேயே இறந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. அப்பொழுது அதற்கு மருந்தில்லை; இப்பொழுது உண்டு. நேரத்தில் சேர்ப்பிப்பது ஒன்றே குறை.

சங்கம் செய்யக்கூடியவை

நோய் கண்டவர் தமக்கு ஜுரம் தெரிவதற்கு ஒருநாள் முன்னரே பிறருக்குப் பரப்பத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாள் வரையில் பரப்புகிறார். ஆதலின் கடன் தவணைக்காகவும், உர மூட்டைக்காகவும், நியாய விலைக் கடைச் சாமானுக்காகவும் மக்கள் நெருங்கி நிற்கும் சங்கக் கட்டிடம் நோய் கைமாறும் இடமாகி விடுகிறது. விரல்ரேகை பதியும் கருவியில் ஒரு நாளில் எத்தனை கைகள் படுகின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம். வைரஸின் மேல் கொழுப்பாலான உறையொன்று இருக்கிறது. சாதாரணச் சவுக்காரமே அதனைக் கரைத்துவிடும். வாசலில் ஒரு குழாயும் ஒரு சவுக்காரக் கட்டியும் வைப்பதற்கு நிர்வாகக் குழுவின் விசேஷத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு மின்விசிறியின் கீழ்க் கூட்டம் நடத்துவதைவிட, திண்ணையிலோ மரத்தடியிலோ நடத்துவது மேல். ஜுரமுள்ள அங்கத்தினர் வரவேண்டுவதில்லை என்று முன்னதாகவே அறிவித்து, அவருடைய தவணைத் தேதியை ஒரு வாரம் தள்ளி வைப்பதற்கு விதிகள் இடம் கொடுக்குமானால் அவ்வாறு செய்யலாம். அபராத வட்டிக்கு அஞ்சியே பலர் ஜுரத்தோடு வரிசையில் நிற்கின்றனர். இவ்விஷயம் சுகாதார இலாகாவின் புள்ளி விவரங்களில் ஏறுவதில்லை. கூலி வேலை செய்வோர் நிலை இன்னும் கஷ்டமானது. ஒருநாள் படுத்தால் ஒருநாள் அடுப்பு எரியாது. வீட்டில் படுத்திரு என்று உபதேசிப்பது எளிது. சுய உதவிக் குழுவினரோ அண்டை வீட்டாரோ ஐந்து நாளைக்குக் கஞ்சிக்கு அரிசி கொடுத்து உதவும் ஏற்பாடு உள்ள ஊரில்தான் அந்த உபதேசம் செல்லுபடியாகும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் திறக்கப்பட்டன; அவற்றுள் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்றிருக்கின்றன. அத்தகைய மருந்தகம் அருகிலிருப்பின், ஒவ்வாமை மாத்திரையைக் குறைந்த விலையில் பெறுவதற்கு வழியுண்டு.

தடுப்பூசியைப் பற்றிய சந்தேகங்கள் பல. இன்புளுவென்சா வைரஸ் ஆண்டுக்காண்டு தன் மேற்சட்டையை மாற்றிக்கொள்வதனால், உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஆண்டுக்கு இருமுறை கூடி ஊசியின் கலவையை நிர்ணயிக்கின்றனர். சென்ற வருஷம் போட்ட ஊசி இவ்வருஷத்துக்குப் போதாது என்பது இதனாலேயே. சாதாரணமாகப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆகவே ஊசியினால் இன்புளுவென்சா வராது. கை வலியும் இலேசான ஜுரமும் ஓரிரு நாள் இருக்கலாம். அது பூரணக் காப்பும் அன்று: கலவை நன்கு பொருந்திய ஆண்டுகளில் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரையில் நோயைக் குறைக்கிறது; கண்ட நோயின் கடுமையையும் தணிக்கிறது. ஜலதோஷத்தையோ ஒவ்வாமைத் தும்மலையோ அது தடுக்காது. இதனை அறியாதவர்களே ‘ஊசி போட்டும் தும்முகிறது’ என்று குறை கூறுகின்றனர். எல்லோருக்கும் உடனே வாங்க இயலாவிடில், வீட்டிலுள்ள கர்ப்பவதிக்கும் முதியோருக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் முதலிடம் தர வேண்டும். கர்ப்பவதிக்குப் போடும் ஊசி பிறக்கும் குழந்தையையும் முதல் சில மாதங்களுக்குக் காக்கும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நேரே ஊசி போடும் வழியில்லாமையால் இது முக்கியமானது. பணம் கொடுத்து வாங்குவோர், மருந்து குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி உஷ்ணத்தில் வைக்கப்பட்டிருந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வட இந்தியாவின் பல நகரங்களில் இன்புளுவென்சா ஆடி ஆவணி மழையோடு வருகிறது. சென்னை, வேலூர் ஆகிய இடங்களில் செய்த ஆராய்ச்சிகளில் அது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறுவதாகக் கண்டிருக்கின்றனர். ஊசி போட்டபின் காப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும். சமஸ்தான காலத்தில் நவராத்திரியின்போது பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசும் அரிசியும் தர்மமாக வழங்கப்பட்டு வந்தன. காசு வழங்குதல் எப்போதோ நின்று போயிற்று. திருக்கோகர்ணத்து அம்மன் சந்நிதிக்கு நவராத்திரியில் வரும் கூட்டம் நிற்கவில்லை. அதன் பின்னேயே மழையும் வந்துவிடுகிறது. ஆகையால் ஊசி போட்டுக்கொள்ள எண்ணுவோர் ஆவணி மாதத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக் கடையிலோ விசாரித்து, நவராத்திரிக் கொலு ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுக்கொள்வது உசிதம். அந்த மாதத்து நிர்வாகக் குழுக் கூட்டத்தில், எந்தெந்த வீட்டில் கர்ப்பவதியும் முதியோரும் இரைப்பு நோயாளரும் உள்ளனர் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு, அவர்களைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம்.